சேவ் த சில்ரன்: தலைமை தாங்கியோர் வந்த வழி

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் வைத்தியர், வரலாறு எனக்குப் பாடமல்ல என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. கல்லூரியின் வரலாற்றை எழுதுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்த மூத்த அக்காமார் பலர் இருக்கிறார்கள். ஆகவே, எமது மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு நான் சொல்லத் தவறிய பதிலையே இங்கு எழுதுகிறேன். அந்தப் பதில் ஒரு வரலாற்றுக்குள் இருப்பதால் இது வரலாற்றுக் கட்டுரைதான் என்று குழுவினரும் ஏற்றுக்கொண்டார்கள்.

உயர்தர வகுப்பு மாணவிகளுக்காக நடந்த தொழில் வழிகாட்டல் நிகழ்வொன்றில் நான் பேசியிருந்தேன். பேச்சு முடிந்ததும் கலைப்பிரிவு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டொக்டர் அக்கா, சண்டை நடக்கிற நாடுகளில சனத்துக்கு உதவி செய்யிற, சமாதானத்துக்கு வேலை செய்யிற பெரிய நிறுவனங்கள் இருக்குத்தானே. அதுகளில தலைமைப் பொறுப்புக்கு வாறதெண்டால் என்ன படிக்க வேணும்?"

நான் யோசிக்காமல் ஒரு பட்டியலை ஒப்புவித்தேன். சட்டம், பொருளியல், பொதுச் சுகாதாரம், சர்வதேச உறவுகள், அதன்பின் வெளிநாட்டில் ஒரு முதுமாணிப் பட்டம். அவள் நன்றி சொல்லி இருந்துவிட்டாள். பக்கத்திலிருந்த பிள்ளை அவளுக்குச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "அப்ப எங்கட பாடங்களோட ஏலாது."

அந்தச் சொல் வீடுவரை என்னுடன் வந்தது. நான் கொடுத்த பட்டியல் இன்றைய வேலை விளம்பரங்களில் இருக்கும் பட்டியல். இந்த நிறுவனங்களை உண்மையில் உருவாக்கியவர்களிடம் அந்தத் தகைமைகள் இருக்கவில்லை. உலகமெங்கும் அறியப்பட்ட, எமது நாட்டிலும் 1974 ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய 'சேவ் த சில்ரன்' நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். மேற்பயிற்சிக்காக இலண்டனில் இருந்த ஆண்டில்தான் அதன் தொடக்க வரலாற்றை நான் முதன்முதலாக வாசித்தேன். எங்கள் சங்கத்தைப் போலவே அதுவும் முதலாம் உலகப் போருக்குப் பின்வந்த ஆண்டுகளின் பிள்ளை. அதை நிறுவியவர்கள் அக்காவும் தங்கையுமான இரு பெண்கள்.

பட்டம் தராத பல்கலைக்கழகம்

எக்லன்டைன் ஜெப் 1876 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி, இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள எல்ஸ்மியர் என்னுமிடத்தில் பிறந்தார். வசதியான நிலவுடைமைக் குடும்பம். தகப்பனார் சட்டம் கற்றவர். தாயார், கிராமத்து ஏழைகளுக்கு மரவேலை, நெசவு போன்ற கைப்பணிகளைக் கற்பிக்கும் சங்கம் ஒன்றை 1884 இல் தொடக்கியவர். பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த வீட்டில் உறுதியாக நின்றவர் தகப்பனாரின் சகோதரி. எமது குடும்பங்களிலும் இப்படி ஒரு மாமி இருப்பார். தான் போகமுடியாத இடத்துக்கு மருமகளை அனுப்பிவைத்துவிட்டுத்தான் ஓய்வார்.

எக்லன்டைன் 1895 இல் ஒக்ஸ்போர்ட்டிலுள்ள லேடி மார்கரெட் ஹோல் கல்லூரியில் சேர்ந்து வரலாறு படித்தார். பரீட்சையும் எழுதினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்குவதை ஒக்ஸ்போர்ட் 1920 ஆம் ஆண்டு வரையிலும், கேம்பிரிட்ஜ் 1948 ஆம் ஆண்டு வரையிலும் மறுத்து வந்தன. எனவே அவர் வெளியேறியபோது கையில் இருந்தது கலைப்பிரிவுப் படிப்பு மட்டுமே, சான்றிதழ் இல்லை.

தோற்றுப்போன ஆசிரியை

படித்த பெண்ணுக்கு அன்று திறந்திருந்த வாசல் ஆசிரியத் தொழில். ஆனால் அவருடைய வகுப்பைச் சேர்ந்த பெண்கள் ஏழைப் பிள்ளைகளின் ஆரம்பப் பாடசாலைகளுக்குப் போவதில்லை. எக்லன்டைன் போனார். இலண்டனில் ஸ்டொக்வெல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி பெற்று, மார்ல்பரோ என்ற சிறு நகரின் பாடசாலையொன்றில் கற்பித்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுதான் தாக்குப்பிடித்தார். பெரிய வகுப்பு, சத்தம், களைப்பு, உடல்நலக் குறைவு. தான் நல்ல ஆசிரியை அல்ல என்று அவரே தீர்மானித்து விலகினார்.

இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. பிள்ளைகளோடு நெருங்கிப் பழகுவது அவருக்கு இயல்பாக வரவில்லை. எங்கள் ஊரில் அம்மாமார் பொறுமை இழக்கும் நேரத்தில் 'குட்டிச் சனியன்கள்' என்பார்களே, அதே பொருள்பட அவரும் பிள்ளைகளைப்பற்றி எழுதியிருக்கிறார். பின்னாளில் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் உரிமைச் சாசனம் எழுதியவர் இவர்தான்.

இதை வாசித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு ஒரு ஆறுதல் வந்தது. பிள்ளைகளைக் கண்டவுடன் மனம் உருகுபவர்கள்தான் பிள்ளைகளுக்காக உழைக்கலாம் என்றில்லை. அன்பு வரும்வரை காத்திராமல் கடமையைச் செய்பவர்களாலும் பெரிய காரியங்கள் நடக்கின்றன. மார்ல்பரோவில் அவருக்கு லாபமும் இருந்தது. பசியோடு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் கண்ணால் கண்டார்.

எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்ட இடம்

அடுத்து அவர் தாயாருடன் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறினார். அங்கே தொண்டு நிறுவனமொன்றில், பொருளியலாளர் கெயின்ஸின் தாயார் புளோரன்ஸ் ஏடா கெயின்ஸ் அம்மையாரோடு வேலை செய்தார். அந்த அம்மையாரும் சாதாரணமானவர் அல்லர். பின்னர் 1932 இல் கேம்பிரிட்ஜ் நகர மேயரானார். அங்கே எக்லன்டைன் கற்றுக்கொண்டது, இரக்கத்துக்கு முதல் கணக்கு வேண்டும் என்பது. எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், வீட்டு வாடகை எவ்வளவு, பாடசாலை விட்ட பையன்களுக்கு என்ன வேலை கிடைக்கிறது என்று விசாரித்து, 1906 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரின் சமூகப் பிரச்சினைகள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பாடசாலையை விட்டு வெளியேறும் பையன்களுக்கு வேலை தேடிக்கொடுக்கும் பதிவகம் ஒன்றிலும் பணியாற்றினார்.

1913 ஆம் ஆண்டு, பால்கன் போரால் சிதைந்துபோன மசிடோனியாவுக்கு நிவாரணப் பணம் கொண்டுபோகும் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 36. வீடிழந்து, மாறி மாறி வந்த படைகளுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த குடும்பங்களை அங்கே கண்டார். ஒரு தரப்பினர் நல்லவர்கள், மறுதரப்பினர் கொடியவர்கள் என்று இலண்டனில் பேசிக்கொண்ட பேச்சு அங்கே பொருந்தவில்லை. எல்லாத் தரப்பிலும் அகதிகள் இருந்தார்கள். கொண்டுபோன பணம் சில வாரப் பசியைத் தீர்க்கும், அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வியோடு திரும்பினார். திரும்பி வந்து அவர் சேர்ந்தது விவசாயக் கூட்டுறவு இயக்கத்தில். அதன் இதழான 'தி பிளவ்' என்பதன் ஆசிரியராகவும் இருந்தார். விவசாயிகள் ஒன்றுசேர்ந்து வாங்கவும் விற்கவும் பழகினால் பிச்சைக்குப் போகத் தேவையில்லை என்ற பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது. கூட்டுறவுச் சங்கக் கடையில் வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாடத்தை விளக்கத் தேவையில்லை.

தங்கை டொரதியின் மேசை

தங்கை டொரதி 1881 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹம் கல்லூரியில் படித்தவர். 1904 இல் சார்ல்ஸ் ரொடன் பக்ஸ்டன் என்ற அரசியல்வாதியை மணந்தார். செல்வம் உள்ள குடும்பம். ஆனால் மிக எளிமையாக வாழ்ந்தார்கள்.

1915 இல் டொரதி ஒரு வேலையைத் தொடங்கினார். எதிரி நாடுகளின் பத்திரிகைகளை அரசாங்க அனுமதி பெற்று வரவழைத்து, அவற்றில் உள்ளதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 'கேம்பிரிட்ஜ் மகசீன்' என்ற வார இதழில் வெளியிட்டார். ஜேர்மனியர் எல்லோரும் இரத்தவெறி பிடித்தவர்கள் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தபோது, ஜேர்மனியிலும் போரை வெறுப்பவர்கள் இருக்கிறார்கள், ஒஸ்திரியாவில் உணவில்லை என்பதை அந்த நாட்டவரின் எழுத்திலிருந்தே அவர் காட்டினார். வீட்டு மேசையில் மொழி தெரிந்தவர்கள் கூடியிருந்து மொழிபெயர்த்தார்கள். அக்கா எக்லன்டைனும் அவர்களில் ஒருவர். மறுபக்கத்துப் பத்திரிகையை வாசித்து அதைத் தன் பக்கத்துக்கு எடுத்துச் சொல்வதைவிட அடிப்படையான சமாதான வேலை வேறென்ன? சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவர் ஒரு ஊரில் எவ்வளவு பெரிய சண்டையைத் தடுக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும்.

1919: ஐந்து பவுண்

1918 நவம்பர் 11 ஆம் திகதி போர் நின்றது. ஆனால் ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் உணவு போகாமல் தடுத்த கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அது ஒரு நெருக்குதலாக வைத்திருக்கப்பட்டது. வெர்சாய் ஒப்பந்தம் 1919 ஜூன் 28 ஆம் திகதி கைச்சாத்தானது. ஜேர்மனி மீதான முற்றுகை ஜூலையில்தான் விலகியது. இடையில் ஒரு குளிர்காலம் முழுவதும் பசி.

குழந்தை வைத்தியத்தில் இருப்பவள் என்ற வகையில் ஒன்றைச் சொல்கிறேன். வியன்னா நகரில் அப்போது ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு வளையும் நோய் பிள்ளைகளிடையே பரவிக் கிடந்தது. இலண்டனின் லிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஹரியெற் சிக் அம்மையார் தலைமையில் பெண் ஆய்வாளர்கள் 1919 இல் அங்கு போனார்கள். மீனெண்ணெயும் வெயிலும் இந்த நோயைத் தடுக்கும், மாற்றும் என்பதை வியன்னா மருத்துவமனைப் பிள்ளைகளிடையே நிரூபித்தார்கள். நேற்று எதிரியாக இருந்த நகரத்தின் பிள்ளைகளோடு வேலைசெய்து அவர்கள் கண்டறிந்ததை நாங்கள் இன்றும் மருத்துவபீடத்தில் படிக்கிறோம்.

முற்றுகையை நீக்கக் கோரி 1919 தொடக்கத்தில் 'பஞ்ச எதிர்ப்புச் சபை' ஒன்று இலண்டனில் உருவானது. சகோதரிகள் இருவரும் அதில் முன்னின்றார்கள். பசியால் மெலிந்த ஒஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை எக்லன்டைன் இலண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கையாளரின் அனுமதி பெறவில்லை என்று பொலிஸார் அவரைக் கைது செய்தார்கள். 1919 மே மாதம் வழக்கு நடந்தது. தனக்காகத் தானே வாதாடினார். சட்டப்படி குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஐந்து பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு முடிந்ததும் அரச தரப்புச் சட்டத்தரணி சேர் ஆர்ச்சிபோல்ட் பொட்கின் தன் கைப்பணத்தில் ஐந்து பவுணை எடுத்து அவரிடம் கொடுத்தார். அதுவே அவர்கள் தொடங்கவிருந்த நிதிக்குக் கிடைத்த முதல் நன்கொடை என்று அந்த நிறுவனத்தார் இன்றும் சொல்வார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியிடமிருந்து முதல் நன்கொடை பெற்ற நிறுவனம் உலகில் வேறு இருக்குமோ தெரியாது.

சில நாட்களில், மே 19 ஆம் திகதி, இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் 'சேவ் த சில்ரன் நிதியம்' தொடக்கப்பட்டது. மகன்மாரைப் போரில் பறிகொடுத்த நகரத்தில், அதே எதிரியின் பிள்ளைகளுக்குப் பால் வாங்கப் பணம் கேட்டார்கள். மேடைக்கு வீசுவதற்கென்றே அழுகிய பழங்களோடு சிலர் வந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கூட்டம் முடிந்தபோது பணம் சேர்ந்திருந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த எதிரி எனக்கு இல்லை என்ற கருத்துப்பட பேர்னாட் ஷோ அந்நாளில் சொன்னதும் பரவலாகப் பேசப்பட்டது.

யார் யார் வந்து சேர்ந்தார்கள்

இந்த இருவரைச் சுற்றிச் சேர்ந்தவர்களின் பின்னணியைப் பாருங்கள். 1920 ஜனவரியில் ஜெனிவாவில் 'சர்வதேச சேவ் த சில்ரன் ஒன்றியம்' உருவானபோது அதன் துணைச் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் சுசான் ஃபெரியேர் என்ற சுவிஸ் பெண். இவருடைய சிறிய தந்தையார் பிரெடரிக் ஃபெரியேர் ஒரு வைத்தியர். உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தில், போரில் தொலைந்துபோன சாதாரண குடிமக்களைத் தேடும் பிரிவை நடத்தியவர். தொலைந்தவர்களின் பெயர்களை அட்டை அட்டையாக ஒழுங்குபடுத்தும் அந்த வேலையில் பழகியவர் சுசான்.

1921 இல் ரஷ்யாவின் வொல்கா நதிப் பகுதியில் பெரும் பஞ்சம் வந்தது. நிவாரணப் பணிகளை ஒருங்கிணைத்தவர் நோர்வே நாட்டின் பிரிட்ஜொப் நான்சென். அவர் துருவப் பயணி. அதற்கு முன் நரம்புக் கலங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற விலங்கியலாளர். 1922 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவருடைய ஒருங்கிணைப்பின் கீழ், சரட்டோவ் மாகாணத்தில் சமையற்கூடங்களை அமைத்து உணவு கொடுத்தது சேவ் த சில்ரன். உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்குச் சுமார் 300,000 பிள்ளைகள் அங்கே உண்டார்கள். கம்யூனிஸ்ட் நாட்டுக்கு ஏன் உதவி, எங்கள் நாட்டிலேயே வேலையில்லாதவர்கள் இருக்கிறார்களே என்று 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகை கடுமையாக எழுதியது. நிறுவனத்தினர் வாதத்துக்கு வாதம் வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு படப்பிடிப்பாளரை அனுப்பி, பஞ்சத்தை அசையும் படமாக எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள்.

ஆக, அந்த ஆரம்ப காலத் தலைமைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: கைவிட்டுப்போன ஓர் ஆசிரியை, பத்திரிகை மொழிபெயர்த்த ஓர் இல்லத்தரசி, பெயர்ப்பட்டியல் பேணிய ஒருவர், பனியில் பயணம் செய்த ஒரு விலங்கியலாளர். அபிவிருத்தி என்றோ சமாதானம் என்றோ பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லை. அப்படி ஒரு பட்டமே அன்று இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலையைக் கவனமாகச் செய்து பழகியவர்கள்.

ஐந்து வாக்கியங்கள்

பசித்த பிள்ளைக்கு உணவு கொடுப்பது தருமம் அல்ல, பிள்ளையின் உரிமை என்று எழுதிவைக்க வேண்டும் என எக்லன்டைன் எண்ணினார். ஜெனிவா நகரைப் பார்த்து நிற்கும் சலேவ் மலையில் ஏறியிருந்தபோது அந்த எண்ணம் உருவானது என்பார்கள். நீண்ட சட்டமாக அவர் எழுதவில்லை. எந்த மொழிக்கும் எளிதாக மாற்றக்கூடிய ஐந்து சிறு பகுதிகள். பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் வளர வழி செய்ய வேண்டும். பசித்த பிள்ளைக்கு உணவு, நோயுற்ற பிள்ளைக்குப் பராமரிப்பு, பின்தங்கிய பிள்ளைக்கு உதவி, வழிதவறிய பிள்ளைக்கு மீட்சி, அநாதைப் பிள்ளைக்கு நிழல் வேண்டும். ஆபத்து வந்தால் முதலில் உதவி பெற வேண்டியது பிள்ளை. பிழைக்க வழி தெரிந்தவனாக வளர வேண்டும். எவரும் அவனைச் சுரண்டக் கூடாது. தன் திறமை பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற உணர்வோடு வளர வேண்டும். இனம், நாடு, சமயம் என்ற பேதம் இதில் இல்லை.

சர்வதேச சங்கம் 1924 செப்டெம்பர் 26 ஆம் திகதி இதனை ஏற்றுக்கொண்டது. இதுவே ஜெனிவாப் பிரகடனம். 1959 இல் ஐக்கிய நாடுகள் சபை இதனை விரித்து மீளப் பிரகடனம் செய்தது. 1989 நவம்பர் 20 ஆம் திகதி சிறுவர் உரிமைகள் சமவாயம் பிறந்தது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. போர்க்களங்களில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. விசேட பிரதிநிதியாக 2006 முதல் 2012 வரை இருந்தவர் எங்கள் நாட்டின் சட்ட அறிஞர் ராதிகா குமாரசுவாமி அவர்கள் என்பதையும் இளைய மாணவிகள் அறிந்திருக்க வேண்டும்.

எக்லன்டைன் நெடுநாளாகத் தைராய்டு நோயால் அவதிப்பட்டவர். இன்று கிளினிக்கில் சாதாரணமாகக் கட்டுப்படுத்தும் நோய், அன்று அப்படியல்ல. இவ்வளவையும் அந்த உடம்போடுதான் செய்தார். 1928 டிசம்பர் 17 ஆம் திகதி ஜெனிவாவில் 52 ஆவது வயதில் காலமானார்.

குறையும் சொல்ல வேண்டும்

புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. அந்தத் தலைமையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த ஐரோப்பியர்கள். சம்பளம் இல்லாமலும் வாழக்கூடியவர்களுக்குத்தான் அன்று அந்த வேலை வாய்த்தது. உதவி பெறும் தாயிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வழக்கம் மெதுவாகத்தான் வந்தது. பசித்த குழந்தையின் படத்தைக் காட்டிப் பணம் சேர்க்கும் முறையும் அங்கே வளர்ந்ததுதான். படத்தில் இருக்கும் பிள்ளைக்கு மானம் உண்டு என்பதைப் படம் பார்ப்பவர்கள் மறந்துவிடலாம். எங்களில் பலர் ஒரு காலத்தில் அந்தப் படத்துக்குள் இருந்தவர்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் கொப்பி

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் வெறிச்சோடியபோது எனக்கு வயது 14. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தோம். எங்கள் புவியியல் ஆசிரியை அங்கேதான் இருந்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, மூத்த மாணவிகள் நால்வரைக் கூப்பிட்டார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெயர், வயது, பால் குடிக்கும் பிள்ளையா, வயிற்றோட்டம் உண்டா என்று ஒவ்வொரு மூலையாகக் கேட்டு எழுதச் சொன்னார். "எத்தினை பேர் எண்டு தெரியாமல் எப்படிப் பிள்ளை பால்மா கேக்கிறது?" என்றார். அந்தக் கொப்பியோடு அவர் போய் நின்றபடியால்தான் எங்கள் கட்டடத்துக்குப் பால்மா சரியான கணக்கில் வந்தது. பின்னாளில் இலண்டன் நூலகத்தில் கேம்பிரிட்ஜ் நகரைத் தெருத் தெருவாக எண்ணிய பெண்ணைப்பற்றி வாசித்தபோது, எனக்கு உடனே ரீச்சரின் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. அவரை எந்த நிறுவனமும் தலைவர் என்று அழைத்ததில்லை. நாங்களும் அழைத்ததில்லை.

இன்னொரு நினைவை எழுதத் தயங்கினேன். 2009 இல் தென்பகுதி வைத்தியசாலை ஒன்றில் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தேன். ஒரு நாளிரவு வயிற்றோட்டத்தால் வாடிப்போன மூன்று வயதுப் பிள்ளை வந்தது. தகப்பன் இராணுவத்தில், வன்னியில் என்று தாய் அழுதுகொண்டே சிங்களத்தில் சொன்னார். என் சித்தி குடும்பமும் அந்த வாரம் வன்னியில்தான். இருக்கிறார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது. பிள்ளையின் நிறையைப் பார்த்தேன், சேலைன் கணக்குப் போட்டேன், நாளம் தேடி ஏற்றினேன். மனம் அந்த நேரமே கனிந்தது என்று சொன்னால் பொய். கை தன் வேலையைச் செய்தது. விடியப் பிள்ளை எழும்பித் தேத்தண்ணி கேட்டபோது, தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மனமும் வந்து சேர்ந்தது. அவர் என் சித்தியைப்பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்று நினைக்கிறேன்.

எதிரியின் பிள்ளைக்குப் பால் வாங்கக் காசு கேட்டு மேடை ஏறியவர்களின் துணிவு எனக்கு அந்த அனுபவத்தால்தான் விளங்கியது. சமாதானம் பேசும் நிறுவனத்துக்குத் தலைமை தாங்குபவர்களிடம் நான் தேடும் தகைமையும் அதுவே. தன் பக்கத்து இழப்பை மறக்காமலே மறுபக்கத்துப் பிள்ளையின் நிறையையும் சரியாகப் பார்த்து எழுதக்கூடியவராக அவர் இருக்க வேண்டும்.

தங்கைச்சிக்கு

ஆகவே, அன்று கேள்வி கேட்ட தங்கைச்சிக்கும், ஏலாது என்று சொன்ன அவளுடைய சிநேகிதிக்கும் என் பதில் இது. உங்கள் பாடங்களோடு ஏலும். வரலாறு படிப்பவள் முற்றுகையும் பஞ்சமும் எப்படி வந்தன என்று கேட்கத் தெரிந்தவள். புவியியல் படிப்பவள் எந்த ஊரில் யார் விடுபட்டார்கள் என்று எண்ணத் தெரிந்தவள். மொழி படிப்பவள் மறுபக்கத்தைக் கேட்டு வந்து சொல்லத் தெரிந்தவள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பரீட்சைக்காக மட்டும் படியாதீர்கள். பட்டங்கள் வேண்டும்தான். இன்று அவை இல்லாமல் விண்ணப்பமே போடமுடியாது. ஆனால் பட்டம் வாசலைத் திறக்கும். உள்ளே போனபின் கேட்கப்படுவது நீங்கள் எதைக் கவனமாகச் செய்து பழகினீர்கள் என்பதுதான். ஒரு முயற்சியில் தோற்றால் அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். மார்ல்பரோ வகுப்பறையில் தோற்றவர்தான் ஜெனிவாவுக்குப் போனார்.

கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பும் உதவியால் கல்லூரியில் கட்டடங்கள் எழுந்துள்ளன, பிள்ளைகள் சீருடை பெறுகிறார்கள். நன்றி. இனி அனுப்பும்போது கலைப்பிரிவுப் பிள்ளைகளையும் நினையுங்கள். மொழிகள் கற்கவும், கிராமங்களுக்குப் போய் விசாரித்து எழுதிப் பழகவும், தெற்கிலுள்ள பாடசாலைப் பிள்ளைகளோடு கூடி வேலை செய்யவும் அவர்களுக்கு வழி செய்வோம். எங்கள் சங்கம் இரண்டாவது நூற்றாண்டில் செய்யக்கூடிய நல்ல தொடக்கமாக அது இருக்கும்.